பேய்க்குக் கிடைத்த மரியாதை

பேய்ப் படம் என்றால் எனக்கு உயிர். முதலியார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் ஆல்ட்ரேஷன் தையல் வேலை பார்க்கிறேன். லீவு நாளில், கூட வேலை செய்யும் அக்காவை இழுத்துக்கொண்டு மேட்னி ஷோவுக்குப் போய்விடுவேன். தலைவிரி கோலமாகக் கிணற்றிலிருந்து ஒன்று ஏறி வரும். அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். நான் பாப்கார்ன் கொறிப்பேன்.

அன்றைய படத்தில், பேய் வருவதற்கு முன்பே ஒரு காட்சி. சாம்பாரில் உப்பு இல்லையென்று கணவன் மனைவியை ஓங்கி அறைகிறான். தியேட்டரில் ஒருவரும் கத்தவில்லை. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேய்க்கே பயப்படாதவ, இதுக்கா பயப்படுற?" என்றார் அக்கா.

பேய் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் அடி வாங்காத மாதமும் இல்லை. அதற்குப் பின்னணி இசையெல்லாம் கிடையாது. வாசலில் கணவர் பைக் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டாலே, சாம்பாரில் உப்பு சரியா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

வீடு திரும்பியதும், "யாரக் கேட்டுப் போன?" என்று கணவர் கையை ஓங்கினார். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணையே பார்த்தேன். விடவில்லை. மாமியார் பதறிப்போனார்.

"பேய்ப் படம் பாத்துட்டு வந்தா இல்ல, ஏதோ புடிச்சுக்குச்சு. கைய எடுடா" என்றார் மகனிடம்.

மறுநாள், பள்ளிவாசலில் ஓதி வாங்கிய கறுப்புக் கயிற்றை என் கையில் கட்டிவிட்டார். பயந்த பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் செய்வதுதான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ராஜ மரியாதை. கணவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். "சாப்ட்டியாம்மா?" என்று கதவோரம் நின்று கேட்டார். முதலில் சிரிப்பு வந்தது. பேயாகவே இருந்துவிட்டால் அடியாவது மிச்சம் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் ஆத்திரம் வந்தது. ஆறு வருடம் ஆக்கிப்போட்டவளுக்குக் கிடைக்காத மரியாதை, இல்லாத பேய்க்கா?

அடுத்த லீவு நாள் காலை, அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன். துணி வெட்டும் கத்தரியால் கயிற்றை வெட்டி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அன்னிக்கு உங்க கையப் புடிச்சது பேய் இல்லங்க. நான்தான். இனிமே ஓங்கினாலும் நான்தான் புடிப்பேன். இன்னிக்கு மேட்னிக்குப் போறேன்."

எடுத்த இட்லி அவர் கையிலேயே இருந்தது. பேய் என்று நம்பிய அந்த வாரத்தில்கூட அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.