பாய்லரம்மாவும் ஈரக் குப்பையும்

“நீ பிழிஞ்ச பழத்தோலுக்கு நான் பட்டினி கிடக்கணுமாடி?”

கேட்டது பாய்லரம்மா. கேட்ட கையோடு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த குப்பைப் பையை நாத்தனார் கடை வாசற்படியில் தொப்பென்று வைத்தாள். பை வாயைப் பிளந்தது. நாலைந்து தோல்கள் உருண்டு வந்து படியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன.

நாத்தனார் பழரசக் கடை வைத்திருப்பவள். கையில் பிழியும் கட்டையோடு வெளியே வந்தாள்.

“அண்ணி, வேண்டாம்னு வெளியே போட்டதை எடுத்துட்டு வந்து திரும்ப வைக்கிற பழக்கம் உங்களுக்கு எப்போ வந்துச்சு?”

“உங்க அண்ணனைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே வந்துடுச்சு. உங்க வீட்டுல வேண்டாம்னு போட்டதை எடுத்து வெச்சுக்கிட்டவ நான்தானே.”

தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சும்மா பார்க்கக் கிடைக்கும் வேடிக்கையை யார் விடுவார்கள்? எதிர்ப்பக்கம் லாண்டரி வாசலில், ‘வேண்டாம்னு போடப்பட்டவர்’ ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி நின்றார். வானமும் மூட்டமாகத்தான் இருந்தது.

வயசான ஒரு பொம்பளை பழத்தோலுக்காக ஏன் இப்படித் தெருவில் நிற்கிறாள் என்று தெரிய வேண்டுமானால், அவளுடைய பாய்லரைப் பற்றித் தெரிய வேண்டும்.

அவள் அந்த லாண்டரிக்கு முதலில் வந்தது கூலி வேலைக்கு. ஈர விரிப்பை இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடித்து முறுக்கிப் பிழியும் வேலை. மறுமுனையைப் பிடித்தவர்தான் பிற்பாடு புருஷனானார். “முறுக்கும்போது ஒரு நாள்கூட என்னை இழுத்துத் தள்ளினதில்லை, அதனாலதான் கட்டிக்கிட்டேன்” என்று அவள் பெருமையாகச் சொல்வாள். “இழுக்கத் தெம்பு இருந்தாத்தானே” என்று அவர் அடக்கமாகச் சொல்வார். முதலாளி கண் மங்கிப்போய் ஓய்ந்தபோது, கடையை எடுத்து நடத்த எந்த ஆம்பளையும் முன்னால் வரவில்லை. இவள் வந்தாள். பின்கட்டில் நின்ற நிலக்கரி பாய்லரை அவள் ஒருத்திதான் பக்கத்தில் போய்த் தொடுவாள். அது சீறினால் இவளும் சீறுவாள். எது பாய்லர், எது அம்மா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தெரு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டது.

அந்தக் கரிப் புகை சாதாரணப் புகையில்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாயங்காலத்துக்குள் புள்ளி புள்ளியாக அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

“அண்ணி, உங்க கடையில துணி வெளுக்குது, எங்க வீட்டுல கறுக்குது” என்பாள் நாத்தனார். “ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ரேட்டாப் போட்டுடுங்க.”

சொன்னது நியாயம்தான். பாய்லரம்மாவே இருமினால் கைக்குட்டையில் கறுப்புதான் வரும். ஆனால் நாத்தனார் வாயிலிருந்து வந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவளிடம் இல்லை.

அப்போதுதான் தெருவுக்குப் பின்னால், பழைய கிடங்கு இருந்த இடத்தில், குப்பையிலிருந்து வாயு எடுக்கும் ஆலை வந்தது. அதை நடத்த வந்த இன்ஜினியர் தலைமுடி கொட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன். கேஸ் தம்பி என்று பெயர் நிலைத்துவிட்டது. தெருவைக் கூட்டி வைத்து அவன் பேசினான். ஆலை இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

“குப்பையை நாங்க எரிக்கறது இல்லீங்க. மூடின உலைக்குள்ள காத்தை ரொம்பக் கொஞ்சமா விட்டுச் சூடு பண்றோம். முழுசா எரியறதுக்குக் காத்துப் பத்தாம, அது வாயுவா மாறிடும். அந்த வாயுவைத் தண்ணியில கழுவி, வடிகட்டி, குழாயில அனுப்புவோம்.”

பின்வரிசையிலிருந்து பாய்லரம்மா எழுந்தாள். “காத்தைத் துவைக்கறீங்களா?”

“அப்படியும் சொல்லலாம்மா.”

“சோப்புப் போட்டா?”

“தேவைப்பட்டா காரம் கலந்த தண்ணியில.”

“அப்போ நீயும் லாண்டரிதான். எனக்கு ஒரு குழாய் குடு தம்பி.”

வீடுகளுக்கு அந்த வாயு கிடையாது. கழுவின பிறகு அதற்கு வாசனை என்று ஒன்று இருக்காது. கசிந்தால் ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். சுவரில் எச்சரிக்கை மணி மாட்டின பட்டறைகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இவள் யோசிக்கவில்லை. புது பாய்லர் வந்த அன்றைக்கே பழையதை இரும்புக் கடைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

“நாளைக்கு இது சரிப்படலேன்னா என்ன பண்ணுவே?” என்றார் புருஷன்.

“அதுக்குத்தான் வித்தேன். திரும்பிப் போக வழி இருந்தா முதல் ஆளா நீங்க திரும்பிடுவீங்க.”

புகை நின்றது. மாடித் துணிகள் வெள்ளையாகவே காய்ந்தன. தெரு நன்றி சொன்னதா? சொல்லும், சொல்லும். குப்பை வாயுவில் கொதித்த தண்ணீரில் துவைத்த துணி நாறுகிறது என்று நாத்தனார் பழரசம் ஊற்றிக்கொடுக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தையும் சேர்த்து ஊற்றினாள். தெருவாசிகள் ஒவ்வொருவராகத் துணியை வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“கரியை எரிச்சப்போ கறுக்குதுன்னீங்க. இப்போ வெள்ளையா வந்தா நாறுதுங்கறீங்க. உங்களுக்கு வேண்டியது வெளுப்பு இல்லை, நான் கடையை மூடறது” என்று நடுத்தெருவில் நின்று சொன்னாள் பாய்லரம்மா. “மூட மாட்டேன், போங்க.”

மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கை ஆஸ்பத்திரி. அங்கே துணிகளுக்குப் பொறுப்பான சிஸ்டர், வாயைத் திறந்தால் அளந்துதான் பேசுவாள். “சாக்கடையை எரிச்சுக்கூடக் கொதிக்க வைங்க. எனக்குத் தண்ணி கொதிச்சிருக்கணும், கறை போயிருக்கணும்.” அந்தத் துணியை நம்பித்தான் கடை நின்றது. முறுக்குவதற்கும் மடிப்பதற்கும் வந்துகொண்டிருந்த பெண்களின் அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது.

மழைக்காலம் வந்ததும் சனி பிடித்தது. மத்தியான வேளையில் பாய்லரின் ஜுவாலை சவலைப் பிள்ளை மாதிரி சோம்பி எரிந்தது. தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. ஒரு கட்டு விரிப்பு கறையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே சிஸ்டரும் வந்தாள்.

“நாளைக்கு ஒரு லோடு அனுப்பறேன். அதுவும் இப்படி வந்தா, மறுநாள்லேருந்து என் வண்டி இந்தப் பக்கம் வராது.”

பாய்லரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஆலைக்குப் போனாள். கேஸ் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் அவளைக் குப்பை கொட்டும் குழியின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். குனிந்து பார்த்தாள்.

“இது குப்பையா, குளமா?”

“அதைத்தாம்மா நானும் உங்க தெருவைக் கேக்கணும். இந்தத் தண்ணியை விரட்டறதுக்கே உலையோட சூடு பாதி போயிடுது. அப்புறம் வர்ற வாயுவுல தெம்பு எங்கேருந்து வரும்?”

“எங்க தெரு என்ன பண்ணுச்சு?”

“முதல் வண்டி உங்க தெருதான். அங்கேயே நிரம்பிடுது. காலையில நீங்க போடறது மத்தியானம் உலைக்குள்ள போகுது. மத்தியானம் உங்க பாய்லர்ல எரியறது உங்க தெருக் குப்பைதாம்மா.”

அவள் இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள். குழியில் மேலாக மிதந்ததெல்லாம் பழத்தோல். அந்தத் தெருவில் மூட்டை மூட்டையாகப் பழம் பிழிகிற கடை ஒன்றுதான் உண்டு. பூமிக்கடியிலிருந்து வந்த கரியை நம்பி இத்தனை வருஷம் பிழைத்தவள், இப்போது நாத்தனாரின் குப்பைத் தொட்டியை நம்பிப் பிழைக்க வேண்டியிருந்தது.

ஈரத்துக்கு ஒரு தொட்டி, காய்ந்ததற்கு ஒரு தொட்டி என்று ஆலைக்காரர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்துத்தான் இருந்தார்கள். ஈரத்தை எடுத்துப்போய் எருவாக்க வேறு வண்டியும் வந்தது. ஒருத்தர் வீட்டில் அந்தத் தொட்டியில் செடி வளர்ந்தது, இன்னொருத்தர் வீட்டில் நாய் படுத்தது.

மறுநாள் விடிந்ததும், வண்டி வருவதற்கு முன், அவள் ஒரு குச்சியோடு தெருக்கோடியில் தொடங்கினாள். பையைப் பிரிப்பாள். உள்ளே இருப்பதை உரக்கச் சொல்லுவாள்.

“மாடி வீட்டுல சர்க்கரை வியாதின்னாங்க, இனிப்பு டப்பா காலியாக் கிடக்கு. அழுதுக்கிட்டே தின்னாங்களோ என்னமோ. டப்பா இருக்கட்டும், அது எரியும். இந்தச் சோத்தை எடுத்துக்கோங்க.”

அடுத்த வாசல். “முடிக்குச் சாயம் பூசற சீசா. பூசுங்க, அழகாத்தான் இருக்கு. கழுவின தண்ணியை ஏன் இதுல ஊத்தறீங்க?”

மூன்றாவது வீட்டை அவள் எட்டுவதற்குள் அந்த வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, தானே பையைக் கவிழ்த்து, தானே ஈரத்தைப் பொறுக்கினார். அவர் பையில் என்ன இருந்ததென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் தெரு முழுக்கக் கதவுகள் திறந்து, தொட்டிகள் வெளியே வந்தன. ஆலைக்காரன் நோட்டீஸுக்கு அடங்காத தெரு அவள் வாய்க்கு அடங்கியது.

அடங்காதது ஒரே ஒரு கடை. “என் குப்பையில மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. படிச்சுக்கட்டும்” என்று நாத்தனார் தோல் பையின் மேல் மேசை துடைத்த தண்ணீரையும் ஊற்றி வைத்திருந்தாள். அதைத்தான் பாய்லரம்மா தூக்கி வந்து படியில் வைத்தாள். பை வாய் பிளந்தது அப்படித்தான்.

படியில் உருண்ட தோல்களுக்கு நடுவே ஒரு நீலக் கயிறு கிடந்தது.

அவள் குனிந்து அதை எடுத்தாள். அவளுடைய கடையில் துவைத்த துணியைக் கட்டும் கயிறு. கத்தரியால் வெட்டியிருந்தார்கள், ஆனால் முடிச்சு அப்படியே இருந்தது. ஒரு நுனியை இழுத்தால் தானாக அவிழ்கிற முடிச்சு. ஆவி பட்டுப் பட்டு அவள் விரல்கள் மரத்துப்போனபோது, அவளால் சுலபமாக அவிழ்க்க முடியட்டும் என்று புருஷன் கண்டுபிடித்தது. உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

அவள் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தாள். மேசை விரிப்புகள் பால் மாதிரி இருந்தன. பழச்சாற்றுக் கறை கொதிக்காத தண்ணீருக்குப் போகவே போகாது.

“ஏங்க” என்று திரும்பாமலே கூப்பிட்டாள். “இந்த முடிச்சைப் போட்டது யாரு?”

எதிர்வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பூமிக்கு இறங்கினார். “நான்தான்.”

“இப்போ நம்ம தொட்டியில இவ துணி இருக்கா?”

“ஊறுது. ஆஸ்பத்திரித் துணி முடிஞ்சதும் போடலாம்னு...”

ஜன்னல்களில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் முகம் அவள் பிழிகிற பழம் மாதிரி சிவந்தது. ஆனால் தலை குனியவில்லை.

“என் அண்ணன் எனக்குத் துவைச்சுக் குடுக்கறாரு. நடுவுல நீங்க யாரு?”

“நான்தான் சுடுதண்ணி” என்றாள் பாய்லரம்மா. “கேட்டுக்கோ. இந்தத் தோலு வண்டியில ஏறினா மத்தியானம் எனக்குக் கொதிக்காது. எனக்குக் கொதிக்கலேன்னா உன் விரிப்புக்கும் கொதிக்காது. நேத்துக் கொட்டின பழச்சாறு கறையோடவே மேசையில விரிச்சுக்கோ. வர்றவங்க கேட்டா, குப்பை வாயு நாறுதுன்னு சொல்லு.”

தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. நாத்தனார் ஜன்னல்களைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கடைசியில் பையைப் பார்த்தாள். பிறகு சேலையை வரிந்துகொண்டு படியில் குந்தி, தோல்களை அள்ளி ஈரத் தொட்டியில் போட ஆரம்பித்தாள். உள்ளே இருந்த மற்ற மூட்டைகளையும் இழுத்து வந்து பிரித்தாள்.

“நாத்தம் நாத்தம்தான்” என்று முணுமுணுத்தாள்.

“உன் தோலு நாத்தம்டி அது” என்றாள் அண்ணி. அவளும் எதிரே குந்தி அள்ளினாள்.

வண்டி வழக்கத்தைவிட எடை குறைவாகப் போயிற்று. மத்தியானம் பாய்லரம்மா பாய்லரில் ஜுவாலை தெரிகிற சின்னத் துவாரத்தின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாப்பிடாமல் காத்திருந்தாள். முதலில் ஜுவாலை நேற்று மாதிரியே சோம்பியது. புருஷன் சாமி கும்பிடுகிறவர் மாதிரி கைகளைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஜுவாலை நிமிர்ந்தது. நீலமாகி, சீறிப் பாய்ந்தது. தொட்டியில் தண்ணீர் குமுறிப் புரண்டது.

சாயங்காலம் சிஸ்டர் வந்து ஒரு விரிப்பை உதறி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். திருப்பிப் பிடித்தாள். “நாளைக்கும் அனுப்பறேன்” என்றாள். பாராட்டு அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் வீட்டுக் கணக்கு.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“கரி பாய்லர் காலத்துலேருந்தே” என்றார் அவர். “தங்கச்சிதான் பின்வாசல் வழியாக் கொண்டாந்து குடுத்துச்சு. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“நான் சொல்றேன் பாருங்க.”

அவள் சொன்னது இதுதான்: துணி வரட்டும், ஆனால் முன்வாசல் வழியாக, பட்டப்பகலில், எல்லாரையும் போல முழுக் கூலி கொடுத்து. மறுவாரம் நாத்தனார் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவே தன்னுடையது என்பது போல் நிமிர்ந்து நடந்து வந்தாள். “நாறுதான்னு மோந்து பார்க்கத்தான் வந்தேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கூடையை வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாய்லரம்மாவும் யாரையும் கேட்கச் சொல்லவில்லை. சட்டைக்காலரைக் கொஞ்சம் அதிகமாக விறைக்க வைத்து அனுப்பினாள், அவ்வளவுதான்.

ஆனாலும் அடுத்த மழைக்கு நாத்தனாரின் பேச்சை நம்பி இருக்க அவள் தயாராக இல்லை. பாத்திரக் கடைக்குப் போய், சக்கரம் வைத்த பெரிய பீப்பாய் ஒன்றைப் பார்த்து எடுத்தாள். நாத்தனார் தலையில் கட்டாமல் ஏன் சொந்தக் காசைப் போடுகிறாய் என்று புருஷன் கேட்டார். “அவளை வாங்கச் சொன்னா அடியில ஓட்டை இருக்கறதாப் பார்த்து வாங்குவா” என்றாள். அதைத் தானே உருட்டிக்கொண்டு போய்ப் பழரசக் கடை வாசலில் நிறுத்தி, தோலெல்லாம் இதற்குள் என்று விரலால் காட்டிவிட்டு வந்தாள். பீப்பாய் மூவாயிரத்து அறுநூறு. மூடிக்குத் தனியாக நானூற்று ஐம்பது வாங்கிக்கொண்டான் கடைக்காரன்.