பட்டன் டப்பாவில் கிடந்த மாத்திரைகள்

முதலில் எனக்குத் தெரிந்தது இருமல் அல்ல, அளவு. காரிமங்கலத்தில் சந்தைக்குப் போகும் வழியில் எனக்குத் தையல் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள், எனக்கே ஒரு சட்டை வெட்டலாம் என்று மார்பில் டேப்பைச் சுற்றினேன். போன வருட அளவைவிட இரண்டரை அங்குலம் குறைந்திருந்தது. டேப் இழுபட்டுப் போயிருக்கும் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினேன். என் புத்தி அந்த லட்சணம்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளை ஜிப்பாவுக்குக் கழுத்து அடித்துக்கொண்டிருந்தபோது இருமினேன். துணியில் மிளகளவு ரத்தம். யாரும் பார்க்கவில்லை. அந்தத் துணியைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதே மாதிரித் துணி வாங்கி வந்து வேறு ஜிப்பா தைத்துக் கொடுத்தேன்.

மெஷினுக்கு அடியில் கூட்டியவள் என் மனைவி ஜமீலா. துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இது வெத்தலச் சாறுன்னு சொல்லிப் பாருங்க, கேக்கறேன்” என்றாள்.

மறுநாள் தர்மபுரி பஸ்ஸில் இருந்தோம்.

இப்போது கையில் சீட்டோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெஞ்சு எனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டீர்கள். அவரும் கேட்க மாட்டார்.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் டாக்டர். நடுத்தர வயது, சத்தம் போடாத மனிதர். இடது நுரையீரலின் மேல்பக்கம் பஞ்சு பிய்ந்த மாதிரி இருந்தது. சளிப் பரிசோதனையிலும் (எச்சிலோடு வரும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) கிருமி தெரிந்தது. காசநோய். ஊரில் டிபி என்பார்கள், அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

“தொண்ணூறு நாள் ஊசி, உங்க ஊர்லயே போட்டுக்கலாம். மாத்திரை ஒன்றரை வருஷம். ரெண்டு மாசத்துல நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்பதான் நீங்க ஏமாறுவீங்க. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?”

“ஒரு பொண்ணு இருக்குதுங்க. மூணு வயசு.”

“சளி சுத்தமாகற வரைக்கும் தள்ளி வைங்க.”

என் மகள் நூர்ஜஹானை ஜமீலா பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கொண்டுபோய் அவள் தாய் வீட்டில் விட்டு வந்தாள். பஸ் கிளம்பும்போது குழந்தை ஜன்னல் வழியே கையை நீட்டியது. நான் பிடிக்கவில்லை. கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு மாதம்தான் இருந்தது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம், அதைவிட மேலே பெருமை. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஒரு கெட்ட பழக்கத்தை விடுவேன். விட்டதை ஒரு தாளில் எழுதி மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தேன். முதல் வருடம் பீடி, அடுத்து சீட்டாட்டம், அதற்கடுத்து கெட்ட வார்த்தை. அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, “பலே பாய்!” என்பார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினேன். அதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று.

ஊசி அறுபதைத் தாண்டியபோது இருமல் நின்றிருந்தது. பசித்தது. கன்னத்தில் சதை வைத்தது. ஊசியால் காதில் மட்டும் ஓயாமல் ஒரு ரீங்காரம். அந்த நேரத்தில் ரம்ஜான் பிறை தெரிந்தது.

“இந்த வருசம் நோன்பு வேணாங்க” என்றாள் ஜமீலா. “நோயாளிக்குச் சலுகை இருக்குதுல்ல? நல்லாயிட்டு அப்பறமா புடிச்சுக்கலாம். ஹஜ்ரத்த ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க.”

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தை நான் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. சுவரில் இருந்த தாளில் அந்த வருடத்துக்கு எழுதினேன்: “நோயாளி என்ற நினைப்பு.”

மாத்திரையை மாலையில் நோன்பு திறந்த பிறகு போட்டுக்கொள்வேன் என்று ஜமீலாவிடம் சொன்னேன். முதல் இரண்டு நாள் அப்படித்தான் செய்தேன். வெறும் வயிறும் மாத்திரையும் சேர்ந்து குமட்டியது. கஞ்சி முழுக்க வெளியே வந்தது. மூன்றாம் நாளிலிருந்து விழுங்குவதுபோலப் பாவனை செய்து, காலையில் கடையில் இருந்த பட்டன் டப்பாவில் போட்டேன். ஊசி பகலில்தான் போடுவார்கள், நோன்போடு அதுவும் வேண்டாம் என்று விட்டேன். மாமியார் ஊருக்குப் போகிறேன், அங்கே போட்டுக்கொள்வேன் என்று உள்ளூரில் ஊசி போடும் கம்பவுண்டரிடம் புளுகினேன். முப்பது நோன்பும் பிடித்தேன். அப்பப்பா, என்ன திமிர்! தொழுகை வரிசையில் நிற்கும்போது என் உடம்பை நானே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நோன்பு முடிந்து வந்த பெருநாளுக்கு ஜமீலா மகளைக் கூட்டி வந்தாள். ஊசி முடிந்துவிட்டது, சளியும் சுத்தமாகியிருக்கும் என்று அவள் நம்பினாள். நம்ப வைத்தவன் நான். பச்சை கவுன் தைத்து வைத்திருந்தேன். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்தது. நான் தடுக்கவில்லை.

நான்காம் நாள் காலை, பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. இந்த முறை மிளகளவு அல்ல. இரண்டு கையிலும் ஏந்தினேன், நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நூர்ஜஹான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்மபுரிக்குக் கிளம்பும் அவசரத்தில் குழந்தையின் கவுனில் ஒரு பட்டன் அறுந்தது. ஜமீலா கடைக்கு ஓடினாள். டப்பாவைக் கவிழ்த்தாள். பட்டனுக்கு நடுவே மாத்திரைகள் உருண்டன. அவற்றை அள்ளி வந்து என் முன்னால் நீட்டினாள்.

“உங்க பெருமைக்கு எம்புள்ளதான் கெடைச்சுதா?” என்றாள்.

அவள் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரிடமும் பொய் சொன்னேன். எத்தனை நாள் விட்டீர்கள் என்றார். ரெண்டு மூணு நாளுங்க என்றேன். அவர் என் மருந்து அட்டையைத் திருப்பி என் பக்கம் வைத்தார். ஊசி போட்ட நாளுக்குக் கையெழுத்து இருக்கும். ஒரு மாதக் கட்டங்கள் காலியாக இருந்தன.

“பாதியில விட்டா கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிக்கும். இனி பழைய மருந்து மட்டும் போதாது, தண்ணியில கலக்கிக் குடிக்கிற தூளும் சேர்க்கணும். வயித்தப் புரட்டும். பொறுத்துக்கணும்.” பிறகு குழந்தையைப் பார்த்தார். “இவளுக்கும் பார்த்துடலாம்.”

அவளுக்குத் தோல் பரிசோதனை செய்தார்கள் (முன்கைத் தோலில் சிறு ஊசி போட்டு, மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளப்பது). அந்த மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். குழந்தையின் கையைப் பார்ப்பேன். சிவந்திருக்கிறதா, இல்லை வெளிச்சமா? தொட்டுப் பார்க்கப் பயம். வாயில் துணி கட்டிக்கொண்டு அறைக்கு மறுகோடியில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேரை அளந்த கை, ஒரு குழந்தைக் கையைத் தொட முடியாமல் மடியில் கிடந்தது. நான் செத்தாலும் சரி, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கெஞ்சினேன்.

மூன்றாம் நாள் டாக்டர் சின்ன ஸ்கேல் ஒன்றை வைத்து அளந்தார். எட்டிப் பார்த்தேன். என் கணக்கில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

“கிருமி உள்ள போயிருக்கு. எக்ஸ்ரே சுத்தமா இருக்கு, நோயா மாறல. மாறாம இருக்க ஒரு வருஷம் தினம் மாத்திரை குடுக்கணும்.”

“பெருநாளன்னிக்குப் போனதுங்களா?”

“சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். இப்ப போயிருந்தா இவ்வளவு சீக்கிரம் பெரும்பாலும் தெரியாது.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மறுபடியும் முதல் நாள், முதல் ஊசி. அப்போதுதான் ஹஜ்ரத்திடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சலுகை குடுத்தது அல்லா. அத வேணாம்னு சொல்ல நீங்க யாரு பாய்?” என்றார். எனக்கு அது போதும்.

சில மாதங்களில் என் சளி சுத்தமானது. டாக்டர் சொன்ன பிறகே குழந்தை பக்கத்தில் வந்தாள். அவளுக்கும் எனக்கும் மாத்திரை நேரம் நண்பகல். தேனில் குழைத்துக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிப்பாள். நான் முதலில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் அவள் விழுங்குவாள்.

அடுத்த ரம்ஜான் வந்தது. நான் நோன்பு பிடிக்கவில்லை. ஆனால் அதை யாருக்கும் சொல்லவும் இல்லை. கடைக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டு, திருடன் மாதிரி மாத்திரை போட்டுக்கொள்வேன். குழந்தையை அங்கேயே கூப்பிடுவேன்.

பெருநாள் நெருங்கிய ஒரு பகல். அளவு கொடுக்க மூன்று பேர் நின்றார்கள், மூவரும் எங்கள் பள்ளிவாசல் ஜமாத்தார், மூவரும் நோன்பாளிகள். நூர்ஜஹான் ஒரு கையில் மாத்திரைக் கிண்ணமும் ஒரு கையில் தண்ணீர் டம்ளருமாக நேரே கடைக்குள் வந்துவிட்டாள்.

“அத்தா, நீங்க மொதல்ல.”

“வூட்டுக்குப் போ கண்ணு, வர்றேன்.”

“போன வாட்டியும் அப்டித்தான் சொன்னீங்க. நானும் முழுங்க மாட்டேன்.” கிண்ணத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திரை நாலடி தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. மாத்திரையை வாயில் போட்டு, டம்ளரைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தேன். அவ்வளவு சத்தமாகத் தண்ணீர் குடித்ததாக எனக்கு நினைவில்லை. வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். அவளும் விழுங்கினாள்.

“என்ன பாய், நோன்பு இல்லீங்களா?” என்றார் ஒருவர்.

“இல்லீங்க. எனக்கு டிபி. வைத்தியம் நடக்குது, சளி சுத்தமாயிடுச்சு.”

அந்த வார்த்தையை ஊராரிடம் அன்றுதான் முதலில் சொன்னேன். ஒருவர் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருவர் சுவரைப் பார்த்தார். மூன்றாமவர் கையை நீட்டினார். “கை மட்டும் கொஞ்சம் தளர்வா இருக்கட்டும் பாய்.” அளவெடுத்தேன். சுவரில் இருந்த தாளை அன்றே கிழித்துப் போட்டேன்.

இப்போது நூர்ஜஹான் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு நோய் வரவில்லை. இருந்தாலும் அவள் தும்மினால் என் கை நின்றுவிடும். விட்ட நோன்புகளை டாக்டர் அனுமதித்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்தேன். சாதாரணச் சந்தை நாளில், டீக்கடை மணக்க, யாருக்கும் தெரியாமல் பிடிக்கிற நோன்பு அது. பலே சொல்ல ஆளில்லை. நாள் மெல்லத்தான் போகிறது. ஊர் பார்க்க நோன்பு பிடித்த பழைய நான் இப்படி ஒரு நாளை முழுசாக இருந்து பார்த்ததே இல்லை.

நோய் தின்றது போக மிச்சமிருக்கிற நுரையீரல் சுருங்கி, இடது தோள் இறங்கிவிட்டது. சென்ற மாதம் எனக்கு ஒரு சட்டை வெட்டினேன். டேப்பைச் சந்தேகப்படவில்லை. தோளுக்குள் பஞ்சு வைத்துச் சமமாகக் காட்ட எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு வைத்துத் தந்திருக்கிறேன். எனக்கு வைக்கவில்லை. இடது பக்கத்தை அரை அங்குலம் இறக்கி வெட்டினேன். சட்டை சரியாக இருக்கிறது.