வெயிலில் ஏழு சுற்று

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. மாதாப்பூரில் எங்கள் அலுவலகத்தின் தரைத்தளம், நவம்பர் மாதத்து மாலை நான்கு மணி. சாலையில் மூன்று பேர் ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையுமாக சைக்கிளில் போனார்கள். மூன்றாவது ஆள் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு எதையோ உரித்துத் தின்றுகொண்டே போனான். அவன் என்ன தின்றான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான், நான் போகவில்லை. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அமெரிக்காவின் மந்தநிலை எங்கள் ஐந்தாவது மாடிவரை வந்து சேர்ந்திருந்த நேரம் அது. எங்கள் புராஜெக்ட் ஒரே மின்னஞ்சலில் முடிந்தது. பதினான்கு பேரை ‘பெஞ்சில்’ போட்டார்கள். பெஞ்ச் என்றால் அடுத்த வேலை வரும்வரை சும்மா இருப்பது. ஆனால் வீட்டில் சும்மா இருக்க முடியாது. காலையில் கார்டைத் தேய்த்து உள்ளே வந்தால் ஒன்பது மணி நேரம் வளாகத்துக்குள் இருந்தே ஆகவேண்டும். டீ குடிக்க வாசலுக்குப் போனாலும் அந்தப் பத்து நிமிடம் கணக்கில் கழியும். நேரம் குறைந்தவர்களைத்தான் முதலில் வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று ஒரு வதந்தி உலவியது. அதனால் ஒருவரும் நகரவில்லை. ஒரு பயிற்சி அறையில் பதினான்கு நாற்காலிகளில் பதினான்கு பேர். நான் வேகமாகப் பேசுவேன், வேகமாகச் சாப்பிடுவேன், ஒரே சமயத்தில் மூன்று புத்தகம் படிப்பேன். அந்த நாற்காலி என்னைக் கொன்றுகொண்டிருந்தது.

அலுவலக உணவகத்துப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஏப்ரலில் நெடுந்தூர டிரையத்லான். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், பிறகு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். காலை ஆறு மணிக்குத் தொடக்கம். பிற்பகல் இரண்டரைக்குள் முடித்தால்தான் முடித்தவர் பட்டியலில் பெயர் வரும். அன்று சாயங்காலமே பெயர் கொடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது பதக்கம் இல்லை. அந்த வருடத்தில் நான் முழுதாக முடித்த காரியம் என்று சொல்ல ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அமீர்பேட் ஹாஸ்டலில் என்னோடு அறையில் இருந்தவன் திருநெல்வேலிக்காரன். கேட்டதும் கட்டிலில் புரண்டு சிரித்தான்.

“ஏல, ஒரு மாடி ஏறதுக்கே லிஃப்டுக்கு நிக்கிற ஆளு நீ.”

“பயிற்சி எடுப்பேன்.”

“எங்க? எப்ப? ஒன்பது மணி நேரம் உள்ள கெடக்கணுமே.”

“உள்ளேயேதான். ஜிம் இருக்கு, சின்னதா நீச்சல் குளம் இருக்கு. ரெண்டும் அந்த ஒன்பது மணி நேரத்துல சேரும்.”

“அப்போ சம்பளம் குடுத்து உன்ன ஜிம்முக்கு அனுப்புதான்னு சொல்லு. நல்ல கம்பெனிதாம்ல!”

எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாகத்தான் பட்டது. ஐந்து மாதம், வாரத்துக்கு ஐந்து நாள். நகராத சைக்கிளை மிதித்தேன். ஓடும் பட்டையின் மேல் ஓடினேன். கூரைபோட்ட குளத்தில் முப்பது கை வீசுவதற்குள் சுவர் வந்துவிடும், திரும்புவேன். எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றினேன். வேகம், இதயத்துடிப்பு, வாராந்தர சராசரி. கடைசி வரியில் அது சொன்ன விடை: ஆறே கால் மணி நேரம். பன்னிரண்டே காலுக்கு முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு பிரியாணி என்று அறைத்தோழனுக்கு வாக்குக் கொடுத்தேன். எக்ஸெலில் முப்பது பத்திகள் இருந்தன. வெயிலுக்கு ஒரு பத்தி இல்லை. ஜிம்மில் ஏசி இருபத்திரண்டு டிகிரியில் நிற்கும், யாரும் அதைத் தொடக்கூடாது.

போட்டி நாளில் நீச்சல் கணக்குப்படியே முடிந்தது. ஒருவர் உதைத்ததில் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததைத் தவிர குறையொன்றுமில்லை. சைக்கிள் பாதை பத்து கிலோமீட்டர் வட்டம், ஒன்பது தடவை. இரு பக்கமும் ஐடி வளாகங்களின் மதில்சுவர். ஐந்தாவது சுற்றில் எட்டரை மணி வெயில் தாரிலிருந்து மேலே வந்து முகத்தில் அடித்தது. உள்ளே விசிறிக்கு முன்னால் மிதித்த சைக்கிளில் வியர்வை உலர்ந்துவிடும். இங்கே அது கண்ணில் இறங்கி எரிந்தது. மதிலுக்கு மேலே நீலக் கண்ணாடிக் கட்டடங்கள் தெரிந்தன. அவற்றுக்குள் எப்படிக் குளிரும் என்று என் தோலுக்குத் தெரியும். ஐந்து மாதமாக வெளியே வரத் துடித்தவன், உள்ளே போனால் போதும் என்று மீதிச் சுற்றெல்லாம் ஏங்கினேன்.

ஓட்டம் தொடங்கும்போது மணி பதினொன்று. பாதையில் நிழல் கிடையாது. ஒன்றரை கிலோமீட்டர் போய், ஒரு கூம்பைச் சுற்றித் திரும்பி வந்தால் ஒரு சுற்று. அப்படி ஏழு. வந்து சேரும் ஒவ்வொரு முறையும் பந்தலடியில் மேசை போட்டிருந்த ஒரு பெண்மணி மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார். ஏழு வளையம் சேர்ந்தால்தான் முடிவுக்கோட்டைத் தாண்டலாம்.

அந்தப் பாதையின் குரூரம் இரண்டாவது சுற்றில் புரிந்தது. நிறுத்த வேண்டுமென்றால் பந்தலில்தான் நிறுத்த முடியும். கூம்புப் பக்கம் கால் மடங்கினாலும் கூட்டிவர வண்டி இல்லை, திரும்பி நடந்துதான் வரவேண்டும். நடந்து வந்தாலோ ஒரு சுற்று முடிந்துவிடுகிறது, வளையம் ஏறிவிடுகிறது. பிறகு எப்படி நிறுத்துவது?

மூன்றாவது வளையத்தின்போது அந்தப் பெண்மணி, “எந்த ஊர் தம்பி?” என்றார், தமிழில்.

“திருச்சி. நீங்க தமிழாக்கா?”

“ஹவ், மூணு தலைமுறையா சிகந்திராபாத். கைக்கு இவ்ளோ அவசரம்? தண்ணி தலைல ஊத்திக்கோ. மடமடன்னு குடிக்க நக்கோ, வயிறு பிடிச்சுக்கும்.” அந்த ஊர் உருது அவர் தமிழில் கலந்திருந்தது: ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.

ஐந்தாவது வளையத்தின்போது மணி ஒன்று இருபத்தைந்து. விரல்கள் வீங்கி, வளையங்கள் தோலில் பதிந்திருந்தன. நாற்காலியில் உட்காரப் போனேன்.

“உக்காந்தா எழ மாட்டே. அதோ பாரு, எங்க வீட்டுக்காரர். அப்பவே முடிச்சுட்டு தயிர்சாதம் சாப்பிடறார். அம்பத்திரண்டு வயசு.”

“எப்படிக்கா?”

“எப்படின்னா? பாலாநகர் ஃபேக்டரிக்கு தினம் சைக்கிள்தான். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டதும் அந்த வெயில்லயே வருவார். பைத்தியம்னு நானே திட்டுவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என் முப்பது பத்திகளுக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது.

ஆறாவது வளையம் ஏறியபோது இரண்டு ஐந்து. மூன்று கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். ஜிம் பட்டையில் அது எனக்குப் பதினெட்டு நிமிட வேலை. ஓடினேன். இருநூறு அடி ஓடினேன். அதற்குமேல் கால் என்னுடையதாக இல்லை. நடந்தேன், பதினைந்து அடி ஓடினேன், மறுபடி நடந்தேன். கூம்பைத் தொட்டபோது இரண்டு இருபத்திரண்டு. எட்டு நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் எனக்கு முடியாது. அதற்கு எக்ஸெல் தேவைப்படவில்லை. தோற்றுவிட்டேன், ஆனால் தோற்ற இடத்திலிருந்து வெளியேற வழி ஒன்றுதான், அதே சாலை. பின்னால் யாரும் இல்லை. முன்னால் ஒருவர் பாதையோரக் கூம்புகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கடக்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

பந்தலுக்கு வந்தபோது இரண்டு நாற்பத்தாறு. கடிகாரத்தை அணைத்திருந்தார்கள். அக்கா வளையங்கள் இருந்த டப்பாவை மூடிவிட்டு நின்றார்.

“டைம் முடிஞ்சுபோச்சு தம்பி. போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தப்பா எடுத்துக்காதே.”

“இல்லக்கா.”

கழுத்தில் ஐஸ் துணியைப் போர்த்திவிட்டார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த அறைத்தோழன் எழுந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிரியாணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நடக்க வருமால?” என்றான். வரவில்லை. ஆட்டோவரை தாங்கிக்கொண்டு போனான்.

பட்டியலில் என் பெயர் இல்லை. திங்கட்கிழமை பயிற்சி அறையில் அதே நாற்காலி. மேலாளர் வந்து, ஒரு பழைய மென்பொருளுக்குப் பராமரிப்பு வேலை இருக்கிறது, மதியம் இரண்டிலிருந்து இரவு பதினொன்று வரை ஷிஃப்ட், யார் வருகிறீர்கள் என்றார். படித்த படிப்புக்கு அது இறக்கம்தான். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பக்கத்து நாற்காலிக்காரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு விளக்க நேரமில்லை.

ஷிஃப்ட் நாளை தொடங்குகிறது, இனி மதியம் இரண்டுவரை பகல் என்னுடையது. அதனால் நாளைக் காலை பதினொரு மணிக்கு, உசேன் சாகர் ஓரத்து நெக்லஸ் ரோட்டில், நிழலே இல்லாத அந்த நீளத்தில், மூன்று கிலோமீட்டர் ஓடிப் பார்க்கப்போகிறேன். வாட்சைக் கட்டிக்கொள்வேன். இருபத்தைந்து நிமிடம் எனக்குப் போதுமா என்று தெரியவேண்டும்.