இருவருக்கும் ஒரே நாளில் ஆஃப்

நான் ஒரு சந்தேகப் பிராணி. தூரத்தில் இரண்டு பேர் பேசிச் சிரித்தால் என்னைப் பற்றித்தானோ என்று தோன்றும். பஸ்ஸில் கண்டக்டர் மீதியைச் சரியாகக் கொடுத்தால்கூட, ஏன் இவ்வளவு ஒழுங்காகக் கொடுக்கிறான் என்று யோசிப்பேன். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் தீம் பார்க் வேலைக்கு விட்டால் நிம்மதியாகவா இருப்பாள்?

கல்யாணமான கையோடு நானும் என் வீட்டுக்காரரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினோம். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கார் கம்பெனி வந்துவிட்டது, போனால் வேலை என்று ஊரெல்லாம் பேச்சு. எங்களைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். கிடைத்தது தீம் பார்க்கில் சீசன் வேலை. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததில் ஆரம்பித்து பள்ளிக்கூடம் திறக்கும் வரைதான் சீசன். அவருக்கு, ஆடுகிற கப்பலில் விசில் ஊதி ஆளை ஏற்றி இறக்கும் வேலை. எனக்கு, தண்ணீர்க் குளத்துப் பக்கம் லாக்கர் சாவி கொடுக்கும் வேலை.

தங்க இடமும் பார்க்கே கொடுத்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பெண்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி வீடு, ஆண்களுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொன்று. புருஷன் பெண்டாட்டிக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். உள்ளூர்க்காரர். "ஜோடி கீடின்னு இங்க பேசாதம்மா. சீசன் முடியட்டும், போய் ஆசை தீர குடித்தனம் பண்ணு" என்றார். சாப்பாட்டு நேரம்கூட எங்களுக்கு வேறு வேறு. கேன்டீன் வாசலில் நான் உள்ளே போக அவர் வெளியே வருவார். அந்த வாசல்படிதான் எங்கள் குடித்தனம்.

சீசன் முடிந்தால் அறையும் போய்விடும். அவருக்கு ஒரகடம் பக்கம் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு வீடு கிடைத்தால் நான் அவரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவர் பேச்சிலர் ரூமுக்கு, நான் அம்மா வீட்டுக்கு. மணிமங்கலத்தில் ஒரு சுவரில் 'குடும்பத்திற்கு மட்டும்' என்று வாடகை போர்டு பார்த்து, ஒரு சாயங்காலம் அவரே போய்க் கேட்டார். நிலத்தை விற்றுவிட்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடும் ஓர் அம்மாளின் வீடு அது. "பொண்டாட்டிய இட்டுக்கினு பகல்ல வா, பாத்துட்டு சொல்றேன்" என்றார்களாம்.

பகலில் இருவரும் சேர்ந்து போக வேண்டுமென்றால் இருவருக்கும் ஒரே நாளில் ஆஃப் வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி ஒரே நாளில் போட வைத்தோம். ஆனால் எங்கள் பார்க்கில் ஆஃப் என்பது பெயருக்குத்தான். கோடைக் கூட்டம் சொல்லிக்கொண்டா வருகிறது? காலையில் ஆள் ஏற்ற வரும் வேனில் சூப்பர்வைசரும் வருவார். அறையில் யார் கண்ணில் பட்டாலும், ஆஃப் என்றாலும் சரி, கிளப்பிக்கொண்டு போய்விடுவார். சீக்கிரம் எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் வேன் வரும், அங்கேயே மடக்குவார். அதனால் எல்லோருமே ஒரு தந்திரம் வைத்திருந்தோம். டியூட்டிக்குப் போகிறவள் வெளியே பூட்டிக்கொண்டு போவாள். ஆஃப்காரி உள்ளே விளக்கைப் போடாமல் மூச்சுக் காட்டாமல் கிடப்பாள். வேன் போனதும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு இன்னொரு சாவியால் திறந்துகொள்வாள்.

அந்த முதல் ஆஃப் நாளில் நான் அப்படித்தான் கிடந்தேன். வேன் வந்தது, ஹாரன் அடித்தது. போய்விடும் என்று பார்த்தால் மாடிப்படியில் காலடிச் சத்தம். பூட்டுத் திறந்தது. என்னோடு தங்கியிருந்த ராமநாதபுரத்துக்காரி சாவியும் கையுமாக நின்றாள். பின்னால் சூப்பர்வைசர். "இன்னாமா, உள்ள வெச்சு பூட்டிக்கினா எனுக்குத் தெரியாதா? வா வா, குளத்தாண்ட கூட்டம் நெரியுது" என்றார்.

வேனில் அவளை முறைத்துக்கொண்டே வந்தேன். "நான் ஒண்ணும் சொல்லலக்கா. மேல ஆளு இருக்கு, சாவியக் குடுன்னு அவரே கேட்டாரு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தது. அந்த முகம்தான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. முந்தின வாரம் அவள் சூப்பர்வைசரோடு நின்று டீ குடித்ததும் நினைவுக்கு வந்தது. ஓசி டீக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் பாவி என்று முடிவு கட்டினேன்.

அடுத்த ஆஃபுக்கு அவளிடம், ஊரிலிருந்து அத்தை வருகிறாள், விடியுமுன் தாம்பரம் போகிறேன் என்று பொய் சொன்னேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, காலியாகக் கிடந்த எதிர் அறைக்குள் புகுந்துகொண்டேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும், கேன்டீன் வாசலில், காதோடு காதாகச் சொல்லி வைத்திருந்தேன். சூப்பர்வைசர் நேராக வந்தார். எங்கள் அறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஆளில்லை என்றதும் ஒவ்வொரு கதவாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஆள் இருக்கிறாள் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை.

ராமநாதபுரத்துக்காரிக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

அன்று முழுவதும் சாவி கொடுத்த கை எந்திரமாகக் கொடுத்தது. மனசு அவரையே சுற்றியது. வீடு எடுப்பதில் இவருக்கு இஷ்டம் இல்லையோ? பேச்சிலர் ரூம், சேக்காளிகள், ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று பழகிவிட்டாரோ? கல்யாணத்துக்கு அவர் வீட்டில் அவசரப்பட்டார்கள், அவர் அவசரப்பட்டாரா? மத்தியானம் வாசலில் எதிரே வந்தவர், "என்னையும் பிடிச்சுட்டு வந்துட்டானுவ, என்னத்தச் சொல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார். நல்ல நடிப்பு என்று நினைத்தேன். எனக்கு அழுகையாக வந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்றாவது முறையும் அகப்பட்டேன். கடைசி ஆளாக வேனில் ஏறியதால் உட்கார இடமில்லை. டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார வைத்தார்கள். வேன் ஆண்கள் தங்கியிருந்த வீட்டு முன்னால் நின்றது. டிரைவர் கழுத்தை நீட்டி மொட்டை மாடியை ஒரு பார்வை பார்த்தான். "ரெண்டு காயுது சார்" என்றான். சூப்பர்வைசர் இறங்கிப் போனார்.

நானும் எட்டிப் பார்த்தேன். கொடியில் இரண்டு ஆரஞ்சு டி-ஷர்ட்டுகள் சொட்டச் சொட்டத் தொங்கின.

பார்க்கில் ஆளுக்கு ஒரே ஒரு யூனிஃபார்ம்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு மைல் தூரத்துக்குத் தெரிகிற ஆரஞ்சு. பெண்கள் அதைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொள்வோம். வாரம் முழுக்க வேர்வையில் ஊறியதை ஆஃப் அன்றுதானே துவைக்க முடியும்? விடியற்காலையில் எழுந்து துவைத்து, மாடிக் கொடியில் கொடி மாதிரி பறக்கவிட்டு, அப்புறம்தான் உள்ளே போய் விளக்கை அணைத்து, மூச்சைப் பிடித்து ஒளிந்துகொண்டிருந்தோம். நான் மட்டுமல்ல, அத்தனை பேரும். சூப்பர்வைசர் கொடியைப் பார்த்து ஆளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஈர டி-ஷர்ட்டைக் கையில் பிழிந்தபடி, கெட்ட வார்த்தையை வாய்க்குள் மென்றுகொண்டு என் வீட்டுக்காரர் வேனில் ஏறினார். என்னைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. அது நடிப்பில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். வீடு பார்க்கப் போகிற நாள் மூன்றாவது முறையாகப் பாழாகியிருக்கிறது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அடுத்த ஆஃபுக்கு இருவரும் துவைக்கவில்லை. ராமநாதபுரத்துக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டே பூட்டிவிட்டுப் போனாள். வேன் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் போயிற்று. படப்பை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மணிமங்கலம் போய் இறங்கினோம். பார்க்கில் சேர்ந்த பிறகு அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது அந்த ஷேர் ஆட்டோவில்தான்.

அந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாண போட்டோ கீதா?"

ஆல்பம் ஊரில் ஸ்டூடியோவிலேயே கிடக்கிறது என்றேன். தாலியை எடுத்துக் காட்டினேன்.

"கயிறு கடையில விக்குதும்மா. போன வருசம் ஒரு ஜோடி அப்டித்தான் கட்டிக்கினு வந்துச்சு. அப்பறம் பாத்தா அவன் பொண்டாட்டி புள்ளையோட வந்து தெருவுல நிக்குறா." என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "நீ போய் பின்னால மோட்டாரு, பாத்ரூமெல்லாம் பாத்துட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் வூட்டுக்காரரு காலையில எழுந்ததும் இன்னா குடிப்பாரு? காபியா, டீயா?"

"டீதான்" என்றேன். எல்லா ஆம்பிளைகளும் டீதானே குடிக்கிறார்கள்?

"கொறட்ட வுடுவாரா?"

எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் இருந்த கொஞ்ச நாளும் வீடு நிறைய சொந்தக்காரர்கள். "இல்ல" என்றேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் அவரிடமும் அந்த அம்மாள் அதையே கேட்டார். "காலையில நான் பழைய சோத்து நீத்தண்ணிதாம்மா குடிப்பேன். டீ ஒத்துக்காது" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "கொறட்டையா? ரூம்ல பசங்க என்னை வெளிய தள்ளிக் கதவச் சாத்துதானுவ."

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். கோபப்படவில்லை. "வேற எடம் பாருங்க. எனுக்கு வம்பு வேணாம்" என்று கேட்டைத் திறந்து விட்டார்.

நான் அந்த அம்மாளோடு சண்டைக்கு நின்றிருப்பேன். ஆனால் எத்தனையோ பேரை நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அந்த அம்மாள் எங்களைச் சந்தேகப்பட்டதில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் வீடு கொடுத்திருக்க மாட்டேன்.

படப்பை ரோட்டில் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த அம்மாள் கேட்டதையெல்லாம் நான் திரும்பக் கேட்டேன், கேட்காததையும் கேட்டேன். இட்லிக்கு என்ன வேண்டும், ஃபேன் போட்டால் ஆகுமா, எந்தப் பக்கம் படுப்பீர்கள், கோபம் வந்தால் எத்தனை நாள் பேசமாட்டீர்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சு முடியவில்லை என்று பக்கத்தில் வந்து நின்ற ஷேர் ஆட்டோக்களை அனுப்பிவிட்டோம். கோபம் வந்தால் அரை மணி நேரத்தில் பேசிவிடுவேன் என்றார். இது நிஜமா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. கூட இருந்து பார்த்தால்தானே தெரியும்? பள்ளிக்கூடம் திறந்த வாரம் அவர் என்னை அம்மா வீட்டுக்கு, கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.