பின்னால் நீண்ட கை

செய்தி வந்தபோது நான் வேலைத்தலத்தில் மதியப் பாணைக் கடித்துக்கொண்டிருந்தேன். எசன் நகரில் நாங்கள் ஓடும் விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் அழைத்தார். மாலைப் பயிற்சி நேரம் மாறிவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். சைக்கிளில் வந்த கெலெச்சியைச் சந்தியில் திரும்பிய லொறியொன்று மோதிவிட்டது என்றார். "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவைப்படவில்லை என்றார்.

கெலெச்சி என்ற பெயர் தெரியாவிட்டாலும், இங்கே தமிழ்க் கடைக்கு வாழைப்பழம் வாங்க வரும் அந்த நெடிய நைஜீரியப் பிள்ளை என்றால் உங்களில் பலருக்கு விளங்கும். நூறு மீற்றர் ஓடுவதற்காகவே இந்த நாட்டுக்கு வந்தவன். கழகம் ஒரு கோடைக்கு மட்டும் அறை கொடுத்திருந்தது. ஓட்டம் சரிவந்தால் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஊருக்கு விமானம்தான்.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அந்த வழியால் போகும்போது, பூட்டிக் கிடந்த மைதானத்தின் வாசலில் ஓட்டச் சப்பாத்தோடு நின்றான். இன்று பயிற்சி இல்லையே என்றேன். "தெரியும். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை" என்றான் ஆங்கிலத்தில். பிறகு, "ஞாயிறென்றால் இங்கே கடையையும் பூட்டுகிறார்கள், வாயையும் பூட்டுகிறார்கள்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேயே பிறந்த எனக்கும் அந்த ஞாயிறுகளைத் தெரியும். வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அதன்பின் ஞாயிறெல்லாம் எங்கள் வீட்டில்தான். "இந்தா தம்பி, இன்னும் கொஞ்சம் சாப்பிடு. ஓடுற பிள்ளையெல்லே" என்று அம்மா புட்டை அள்ளிவைப்பார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், "இந்தா" என்ற சத்தம் கேட்டால் அவனுடைய சாப்பாட்டுக் கோப்பை தானாக நீளும்.

அஞ்சலோட்டத்தில் நான் மூன்றாவதாக ஓடுவேன், அவன் கடைசியாக. கைமாறும் கோலை வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான். பின்னால் வருகிறவன் "ஹெப்" என்று கத்தியதும் கையைப் பின்னே நீட்டுவான். இங்கே எல்லா அணிகளும் அதையேதான் கத்தும். முதல் போட்டியில் பக்கத்து அணியின் சத்தத்துக்குக் கெலெச்சி கையை நீட்டிவிட்டான். நான் இன்னும் எட்டவில்லை. கோல் விழுந்தது, பயிற்சியாளரின் முகம் கறுத்தது.

"என்னை அனுப்பிவிடுவார்கள்" என்றான் பஸ்ஸில். இறங்கும்போது, "அடுத்தமுறை உன் அம்மா சொல்வதைச் சொல். அதற்கு என் கை பிழைவிடாது" என்றான்.

அடுத்த போட்டியில் தொண்டை கிழிய "இந்தா" என்று கத்தினேன். கை நீண்டது. அதன்பிறகு அவனை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. கழகம் அவனை வைத்துக்கொண்டது. "சாப்பாடு குடுக்கிற சொல்லை ஏன்டா மைதானத்தில கத்துறியள்?" என்று அம்மா பகிடி பண்ணினார்.

ஸ்டுட்கார்ட்டில் தனி ஓட்டத்திலும் வென்றான். மேடையில் ஏறி நின்று, தன்னைப் படமெடுக்க யாராவது இருக்கிறார்களா என்று கூட்டத்தைத் தேடினான். நான் கையை உயர்த்தினேன். அப்போதுதான் சிரித்தான்.

அவன் தாயிடம் போன பெட்டி மூடியபடியே விமானம் ஏறியது. கடைசியாகப் பார்க்கவும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன கிழமைப் போட்டியில் அவனுடைய இடத்தில் வேறொருவன் ஓடினான். நல்ல பிள்ளை. "ஹெப்" என்று கத்தவேண்டும், "ஹெப்" என்று கத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடினேன். வாயில் வந்தது "இந்தா". அவனுக்கு விளங்கவில்லை, கை நீளவில்லை. வெறுங்கையோடு ஓடிப்போனான். நான் தடத்திலேயே நின்றுவிட்டேன். ஒருவரும் என்னை ஏசவில்லை.

அஞ்சலோட்டத்தில் ஓடும்போது கெலெச்சியின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்காகப் பின்னால் விரிந்த அந்த உள்ளங்கையைத்தான் பார்த்திருக்கிறேன். அவனில் என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அதில் வைக்கவேண்டிய கோல் இன்னும் என் கையில் இருக்கிறது.