ஊறுகாய்ப் போத்தலில் ஒரு வில்லோக் கிளை

எங்கள் குசினி யன்னலில் ஓர் ஊறுகாய்ப் போத்தல் இருக்கிறது. லேபிளைச் சுரண்டி எடுத்தும் பசை போகவில்லை. அதற்குள் தண்ணீரும் ஒரு வில்லோக் கிளையும். ஓர் ஏப்ரல் காலையில் முதன்முதலாக அதை அங்கே கண்டபோது அது வெறும் குச்சி; மஞ்சள்பச்சைத் தோல், நுனியில் சில மொட்டுகள். யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். அம்மா சோற்றுப் பானையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னார்: "மேல்வீட்டு மனிசன். அவங்கட பழைய பாட்டில எல்லாம் இந்த மரம் வருமாம்." கேட்டதைவிடப் பதில் நீளமாக இருந்தது. அம்மா பொதுவாக அப்படிப் பதில் சொல்பவர் அல்ல.

மேல்வீட்டுக்காரர் எங்கள் கட்டடத்தின் உச்சித் தளத்தில், வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகளின் முடிவில், தனியாக இருந்தார். சீனாவிலிருந்து இளம் வயதில் வந்தவர். துறைமுகத்துக் கப்பல் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி மலைப்பக்கக் கல்லறைத் தோட்டத்தில். அவரும் அம்மாவும் பேசிக்கொண்டது இருவருக்குமே அரைகுறையான ஆங்கிலத்தில். நான் வேலையால் வரும்போது மேசையில் இரண்டு பிளேன்டீக் கோப்பைகள் இருக்கும். கதவைத் திறந்ததும் ஒரு சிரிப்பு பாதியில் நிற்கும். அப்பா மட்டக்களப்பில், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரு துணை இருந்தால் நல்லது என்று நானே நினைத்ததுண்டு. நினைப்பது வேறு, அந்த இரண்டாவது கோப்பையைக் கழுவுவது வேறு.

மென்பொருள்களைச் சோதிப்பது என் தொழில். சரியாக இயங்குகிறது என்று எல்லாரும் சொல்லும் ஒன்றை நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆகவே பழைய சீனக் கவிதைகளில் வில்லோ எதற்கெல்லாம் வருகிறது என்று தேடி, கைபேசியில் பட்டியல் போட்டேன். ஒன்று, அழகியின் புருவம். வில்லோ இலை அந்த வடிவம். இரண்டு, அவளுடைய இடுப்பு. மூன்று, தெருவோர வில்லோ, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒடிக்கக்கூடியது. அதன் பொருளை அம்மாவுக்குச் சொல்ல முடியாது. நான்கு, காற்றில் அலையும் பஞ்சு, நிலையில்லாத மனம். ஐந்து, பிரிவு, ஊரைவிட்டுப் போகிறவருக்கு ஆற்றங்கரையில் ஒரு கிளை ஒடித்துக் கொடுப்பார்களாம். ஐந்தாவதை உடனே கோடிட்டு அடித்துவிட்டேன். இங்கே வாடகை ஒப்பந்தங்கள் முடியும் யூலை முதலாம் திகதி பாதி நகரம் வீடு மாறும். ஆனால் அவரும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார், நாங்களும் புதுப்பித்திருந்தோம். போவதற்கு யாரும் இல்லை.

மீதி நான்கும் நல்லதாக இல்லை. ஆதாரங்களோ பெருகின. அம்மா முதன்முறையாகச் சலூனுக்குப் போய்ப் புருவம் திருத்திக்கொண்டு வந்தார். நல்ல நிலையில் இருந்த குளிர்கோட்டை சேர்ச்சில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். புதிது வாங்கித்தர ஆள் இருக்கிறதாக்கும் என்று எண்ணினேன். பிறகு மேல்வீட்டுக்காரரின் எடை பார்க்கும் மெசின் எங்கள் நடையில் வந்து உட்கார்ந்தது. ஒரு மனிதர் ஒவ்வொரு பொருளாக இறங்கி வருகிறார் என்றே முடிவு செய்தேன்.

யூனில் ஒழுங்கையில் நின்ற பொப்லர் மரம் பஞ்சைப் பறக்கவிட்டது. படிகளிலும் வலைக்கதவிலும் பனி போல வெள்ளை. அவர் படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் பட்டியலோடு போய், அந்தக் கிளை இதில் எது என்று, எங்கள் இருவருக்கும் இந்த நகரத்தில் பழகிப்போன பிரெஞ்சில் கேட்டேன்.

"புருவம்," என்று வாசித்தேன்.

விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே, "அடுத்தது?" என்றார்.

"இடுப்பு." வெடித்துச் சிரித்தார். "உன் அம்மாவின் இடுப்பா? அவரிடம் சொல்லிவிடாதே, அகப்பையோடு வருவார்." மூன்றாவதற்கு இருவருமே இருமினோம். நான்காவதற்குத் தோளில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "இது பொப்லர். பாட்டுகளில் இது கல்லறை மரம். இதை யாரும் யாருக்கும் ஒடித்துக் கொடுப்பதில்லை. ஐந்தாவது?" என்றார்.

"பிரிவு. அதை அடித்துவிட்டேன். யாரும் போகவில்லையே."

கூட்டுவதை நிறுத்தினார். "அம்மா இன்னும் உனக்குச் சொல்லவில்லையா?"

அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். "டிக்கெற் போட்டாச்சு, மகள். மட்டக்களப்புக்கு. திரும்பி வாறதுக்கு இல்ல."

"அவருக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லேலாதா?"

"அந்தாளுக்குச் சொல்லுறது லேசு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசே நாலு சொல்லு. ஐ கோ ஹோம் எண்டன், முடிஞ்சுது. உனக்குத் தமிழில சொல்லவேணும். தமிழில அப்பிடிச் சுருக்கேலாது, புள்ள." கொஞ்ச நேரம் உள்ளித் தோலைக் குவித்தார். "போன செப்ரெம்பரில அவர்ர மனிசிக்குப் பூ வைக்க என்னையும் கூட்டிப்போனவர். அங்கயும் இந்தப் பஞ்சு மரம்தான். காத்தே இல்ல, இலை மட்டும் சளசளண்டு கதைச்சுக்கொண்டு நிக்குது. அதுக்குக் கீழ எனக்குக் கிடக்கேலாது. உன்ட அப்பாவுக்குப் பக்கத்தில இடம் இரிக்கு."

"சாகவா போறீங்க?"

"விசர்க்கதை. அதுக்கு இன்னும் காலம் இரிக்கு. அதுக்கு முதல் கொஞ்சக் காலம் சூடா இருந்துபோட்டுச் சாவம்."

ஆதாரங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, வேறொரு கதைக்கு. மெசின் பெட்டி நிறுக்க. புருவம் பாஸ்போட் படத்துக்கு. கோட்டு இனித் தேவைப்படாது. புறப்படும் நாளில் போத்தலைக் காட்டிக் கேட்டேன். "வில்லோவை எங்க குத்தினாலும் முளைக்குமாம். போற இடத்தில வேர்விடு எண்டு தந்தவர். எனக்கு அங்க வேர் இரிக்கு. நீ வெச்சிரு," என்றார். மேல்வீட்டுக்காரர் படியின் பாதிவரை இறங்கி, கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். டோர்வல் விமான நிலையத்துக்கு அவர் வரவில்லை.

இப்போது போத்தலுக்குள் கண்ணாடியே தெரியாத அளவுக்கு வேர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இறங்கி வருகிறார். முதலில் கிளையைப் பார்ப்பார், பிறகுதான் என்னை. இரண்டாவது கோப்பை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் அம்மாவும் வீடியோவில் வருவார். கைபேசியை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொள்வார்; திரையில் நெற்றியும் இரண்டு புருவங்களும் மட்டும் தெரியும். "ஆளைக் காணல்ல, அம்மா, புருவம்தான் தெரியுது," என்று நான் சிரிப்பேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கும் அவர் சிரிப்பதில்லை. அன்று படியிலும், யோசித்துப் பார்த்தால், புருவம் என்ற அந்த முதல் வரிக்கு அவர் சிரிக்கவில்லை. பட்டியலில் அதை மட்டும் நான் இன்னும் அடிக்கவில்லை.