கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாத நாள்

கண்டியில் சின்னதாய் ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நின்றே வியாபாரம் செய்வதால் இரண்டு முழங்காலிலும் தீராத வலி. சமைக்காத உணவு மூட்டுக்கு நல்லது என்று கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, சோற்றை நிறுத்திக் காய்கறி, பழம் என்று பச்சையாகவே சாப்பிடத் தொடங்கினேன். உடம்பு இலேசானது, வலியும் சற்றுக் குறைந்தது. அந்த உற்சாகத்தில், வீட்டு முற்றத்தில் காய்த்துக் குலுங்கிய, நட்சத்திரப் பழம் என்றும் சொல்கிற காமரங்காயைச் சாறு பிழிந்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் பெரிய கோப்பை நிறையக் குடித்தேன்.

சில நாட்களில் குமட்டலும் சோர்வும் வந்தன. உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்துக் கடைக்காரர் அக்குறணை ஊர் முஸ்லிம்; அண்ணன் முறையில் நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கழிவறைக்குப் போகும்போதெல்லாம் அவரிடம்தான் கடையை ஒப்படைப்பேன். அன்று பின்னேரம் அவரே வந்து கேட்டார்:

"என்ன தம்பி, காலைல இருந்து ஒருக்காவும் கடையப் பாத்துக்கங்கன்னு சொல்லல்லயே? முகமும் ஊதியிருக்கு."

அப்போதுதான் உறைத்தது. அன்று முழுக்க எனக்குச் சிறுநீரே போகவில்லை! நானா உடனே என்னை முச்சக்கரவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காமரங்காய்ச் சாறு சிறுநீரகத்தைத் தாக்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். நல்லவேளை, சிகிச்சையில் சரியாகிவிட்டது.

இப்போதும் கரட்டும் வெள்ளரியும் பச்சையாகத்தான் சாப்பிடுகிறேன். கூடவே அளவாகச் சோறும். புதிதாக எதைத் தொடங்கினாலும் முதலில் டாக்டரிடம் கேட்கிறேன். கடையில் உட்கார ஒரு கதிரை போட்டு, அவர் சொல்லித்தந்த முழங்கால் பயிற்சியும் செய்கிறேன். படி இறங்க இப்போது சுவரைப் பிடிப்பதில்லை.

"கடையப் பாத்துக்கங்க நானா" என்று கழிவறைக்குப் போக நான் எழும்போதெல்லாம், பக்கத்துக் கடையிலிருந்து இறைவனுக்கு நன்றியாக "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வருகிறது.